அய்யனாருக்குப் பான் கார்டு கிடையாது மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. திண்ணை கொதிக்குது, துண்டை விரிச்சுக்க. இந்தப் பங்குனி வெயில்ல சென்னையிலேர்ந்து காரை ஓட்டிக்கிட்டு வந்தவன், பெத்த ஆத்தா வீட்டுக்குக்கூடப் போகாம நேரா என் வாசல்ல வந்து நிக்கிறானே, மாமன் மேல இம்புட்டுப் பாசமான்னு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. உன் அத்தை வேற நாட்டுக்கோழியைப் பிடிக்கக் கொல்லைக்குப் போயிட்டா. நீ வாயைத் தொறந்த பெறகுதான் தெரியுது, நீ வந்தது ரசீதுக்கு. அடியே, கோழியை விட்டுரு. காப்பி போதும்.

"அய்யனார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 50,000 ரூபாய் குடுக்குறேன் மாமா, கமிட்டியில சொல்லி 80ஜி ரசீது வாங்கித் தாங்க, 2026 மார்ச் 31க்குள்ள வேணும்." இதானே நீ கேட்டது? குடுக்குறது நல்ல காரியம். கேக்குறதுதான் கொஞ்சம் இடிக்குது. நம்ம அய்யனாருக்குக் குதிரை இருக்கு. காவலுக்குக் கருப்பர் இருக்காரு. கருப்பர் கையில வீச்சருவா இருக்கு. பான் கார்டு மட்டும் கிடையாது மாப்ளே.

கமிட்டி ரசீது புஸ்தகத்தைப் பாத்திருக்கியா? மேல பிள்ளையார் சுழி, நடுவுல குதிரைப் படம், கீழ பொருளாளர் கையெழுத்து. அந்தப் பொருளாளர் மூணு வருஷமா சிங்கப்பூர்ல இருக்காரு. போறதுக்கு முந்தின நாள் ராத்திரி, நூறு தாள்ல மொத்தமாக் கையெழுத்துப் போட்டு வச்சுட்டு ஏரோப்ளான் ஏறிட்டாரு. அதுல 80ஜின்னு ஒரு ரப்பர் சீல் குத்தணும்னா, பேராவூரணி கடைத்தெருவுல அரை மணி நேரத்துல செஞ்சு குடுத்துருவான். நாம குத்துறது சுளுவு. அப்புறம் வருமானவரிக்காரன் ஒண்ணு குத்துவான் பாரு, அதான் தாங்காது.

கோவிச்சுக்காதே. நான் நாப்பது வருஷமா மொய் எழுதுறவன். ரசீதுன்னா என்ன, பாக்கின்னா என்னன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆடி பொறந்தா கீரமங்கலம், வடகாடு, பேராவூரணின்னு நம்ம பக்கம் பூரா பந்தல் பந்தலா மொய் விருந்து. ஒரு பக்கம் கறிச்சோறு, ஒரு பக்கம் மொய் நோட்டு. மொய்க்குன்னு ஒரு நேர்மை இருக்கு மாப்ளே. நான் உனக்கு 1,000 ரூபாய் எழுதுனா அது தருமம் இல்ல. என் வீட்டுல விசேஷம் வரும்போது நீ அந்த 1,000ஐயும் எழுதி, மேல கொஞ்சம் சேத்தும் எழுதணும். எழுதலேன்னா நோட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உன் வாசல்ல வந்து நிப்பேன். தருமத்துக்கும் ஒரு நேர்மை இருக்கு. போட்டா போட்டதுதான், திரும்பிப் பாக்கக் கூடாது. உன்னைய மாதிரிப் படிச்ச பயலுவதான் தருமத்தைப் போட்டுட்டு மொய் நோட்டை நீட்டுறீங்க.

சரி, நீட்டிட்டே. அதுல என்ன வரும்னாவது தெரியுமா? "50,000 குடுத்தா 50,000மும் வரியில கழிஞ்சுரும்னு ஆபீஸ்ல சொன்னாங்க"ங்கிற. எந்த ஆபீஸ்? கம்ப்யூட்டர் ஆபீஸா, கிளி ஜோசிய ஆபீஸா?

போன தையில ஒரு வேலையாப் பட்டுக்கோட்டைக்குப் போனேன். ஆடிட்டர் ஆபீஸ் வாசல் பெஞ்சுல மூணு மணி நேரம். உள்ள பேசுறது பூரா வெளியில கேட்டுச்சு. காது குடுத்தவன் கணக்கும் கத்துக்கிட்டேன். 80ஜிங்கிறது 1961ம் வருஷ வருமானவரிச் சட்டத்துல 1968லேர்ந்து இருக்குற பிரிவு. அது கழிக்கிறது வரியில இல்ல, வருமானத்துல. அதுவும் சாதாரண அறக்கட்டளைன்னா முழுசாக் கழிக்காது, பாதியத்தான் கழிக்கும். நீ 50,000 குடுத்தா 25,000 வருமானத்துலேர்ந்து போகும். 30 சதவீத வரி கட்டுறவனுக்கு அந்த 25,000க்கு 7,500, அதுக்கு மேல 4 சதவீத செஸ்ஸு 300. ஆக மொத்தம் மிச்சமாகுறது 7,800 ரூபாய். பாக்கி 42,200 போனது போனதுதான். 20 சதவீதத்துல நிக்கிறவனுக்கு மிச்சம் 5,200. பழைய முறையில 5 லட்சத்துக்குள்ள வருமானம் உள்ளவன் வரியே கட்ட வேண்டாம். அதனால அவன் கையை விட்டுப் போனதுல ஒத்த ரூபாய் திரும்பாது. அதே அறக்கட்டளை, அதே 50,000 ரூபாய். ஆனா உள்ளவனுக்கு நெறையத் திரும்புது, இல்லாதவனுக்கு ஒண்ணுமே திரும்பல. பந்தியில மொத வரிசைக்கு நெய் ஊத்துற பழக்கம் சட்டம் எழுதுனவனையும் விடல.

இதுக்கும் ஒரு வரப்புக் கட்டியிருக்கான். மத்த கழிவெல்லாம் போக மிஞ்சுற வருமானத்துல பத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல நீ அள்ளிக் குடுத்தா, மேல போனது கணக்குலயே வராது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னதை இவன் சட்டமாவே எழுதிட்டான்.

இம்புட்டும் பழைய முறையில இருக்குறவனுக்கு. நீ எந்த முறை? ஏன் முழிக்கிற? போனை எடு. கம்பெனி அனுப்புன வரித்தாளைப் பாரு. கண்ணாடி போட்டுக்கிட்டே பாரு, பரவால்ல. என்ன போட்டிருக்கு? புது முறையா?

அட என் தங்கமே. புது முறையில 80ஜியே கிடையாது மாப்ளே! அந்த முறை 2020ல வந்துச்சு. 2023-24லேர்ந்து, நீ வாய் தொறந்து வேணாம்னு சொல்லலேன்னா அதுலதான் உன்னையப் போடுவாங்க. வரி விகிதம் கொறச்சல், அதுக்குப் பதிலா இந்த மாதிரிக் கழிவெல்லாம் காலி. நீ அய்யனார்கிட்ட இல்ல, அந்த ஏழுமலையான்கிட்டயே கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்தாலும் செல்லாது.

"அப்ப பழைய முறைக்கு மாறிக்கிறேன் மாமா"ங்கிறியா? மாறலாம். உன்னைய மாதிரிச் சம்பளக்காரன் வருஷா வருஷம் மாத்திக்கலாம், கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போடணும், அவ்வளவுதான். மாறுனா என்ன ஆகும்னு பாப்போமா? அந்தப் பென்சிலை எடு, மொய் நோட்டுப் பின்னட்டையில போடுறேன். உனக்கு வருஷச் சம்பளம் 18 லட்சம். முழிக்காதே, உங்க ஆத்தா தெருவுக்கே சொல்லிட்டா. வீட்டுக் கடன் இல்ல. வாடகைக் கழிவும் இல்ல, ஏன்னா நீ இருக்குறது மாமனார் வீட்டு மாடியில. சும்மா சொல்லக் கூடாது, அந்த மனுஷன் பண்றதுதான் பெரிய தருமம், அவருக்கு எந்தப் பிரிவுலயும் கழிவு இல்ல.

புது முறையில உனக்கு 75,000 நிலைக் கழிவு. மிச்சம் 17,25,000க்கு வரி, செஸ்ஸோட 1,50,800 ரூபாய். பழைய முறையில 50,000 நிலைக் கழிவு, சேமிப்புக்கு 1,50,000, உன் நன்கொடையில பாதி 25,000. எல்லாம் போக 15,75,000. அதுக்கு வரி செஸ்ஸோட 2,96,400. கழிச்சுப் பாரு. நான் நாலாங்கிளாஸுதான், நீயே கழி. 1,45,600 வருதா? ஆக, 7,800 ரூபாய் மிச்சம் பிடிக்க 1,45,600 ரூபாய் கூடக் கட்டலாம்னு நீ காரைப் போட்டுக்கிட்டு வந்திருக்கே. டீசல் காசை நான் சேக்கல.

இந்தா, காப்பியைக் குடி. ஆறிடும்.

இப்ப உன் கூட்டாளி ஒருத்தன் இருக்கான்னு வையி. வீட்டுக் கடன், வாடகை, புள்ளைப் படிப்புன்னு கழிவெல்லாம் நெறைய இருக்கு, பழைய முறைதான் அவனுக்குக் கட்டுப்படியாகும். அவனுக்கு இது உதவும். அவன்கிட்ட நான் சொன்னேன்னு நாலு சங்கதி சொல்லு. ரொக்கமாக் குடுத்தா 2,000 ரூபாய்க்கு மேல செல்லாது. முன்னாடி 10,000 வரை விட்டுக்கிட்டிருந்தான், 2017ல அதையும் பிடுங்கிட்டான். ஆக உண்டியல்ல போடுறது உனக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு, நடுவுல நிர்மலா சீதாராமன் வரமாட்டாங்க. ரசீதுல அறக்கட்டளையோட பான் நம்பரும் 80ஜி பதிவு நம்பரும் இருக்கணும். ரசீது மட்டும் பத்தாது, 2021-22லேர்ந்து 10பிஇ-ன்னு ஒரு சான்றிதழ் வந்திருக்கு. இன்னார் இவ்வளவு குடுத்தாருன்னு அறக்கட்டளைக்காரன் மே 31க்குள்ள வரித்துறைக்குப் பட்டியல் அனுப்பி, அந்தச் சான்றிதழை உனக்குக் குடுக்கணும். அவன் பட்டியல்ல உன் பேரு இல்லேன்னா, நீ குடுத்தது குடுக்காததுதான். வலது கை குடுக்குறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. இப்ப இடது கைக்குத் தெரியாட்டியும் டெல்லிக்குத் தெரியணும்.

முழுசாக் கழிவு கிடைக்கிற எடமும் இருக்கு. முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமரோட தேசிய நிவாரண நிதி, பிஎம் கேர்ஸ், தேசியப் பாதுகாப்பு நிதி மாதிரி உண்டியல்ல போட்டா, போட்டது பூரா வருமானத்துல கழியும், அந்தப் பத்துல ஒரு பங்கு வரப்பும் இல்ல. குடும்பக் கட்டுப்பாட்டுக்குன்னு அரசாங்கத்துக்குக் குடுத்தாலும் முழுக் கழிவு, ஆனா வரப்பு உண்டு. உங்க அப்பாருக்கு இந்த விவரம் அந்தக் காலத்துலயே தெரிஞ்சிருந்தா, அஞ்சாவதாப் பொறந்த நீ இப்ப என் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டிருக்க மாட்டே.

கோயிலுக்கும் ஒரு வழி வச்சிருக்கான். பழமையோ கீர்த்தியோ உள்ள கோயில், மசூதி, தேவாலயம்னு மத்திய அரசு அறிவிச்ச எடத்துக்குத் திருப்பணி, மராமத்துன்னு குடுத்தா பாதிக் கழிவு. நம்ம ஏரிக்கரை அய்யனாரை எந்தக் கெஜட்டுலயும் அறிவிக்கல. பக்கத்துல குளமங்கலத்துல பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரைக்கு மாசிமகத்துல காகித மாலை போடுறாங்களே, லாரியிலயும் டிராக்டர்லயும் கொண்டாந்து, குதிரையே தெரியாத அளவுக்கு? அத்தனை மாலை கட்டுனவன்ல எவன் ரசீது கேட்டான்?

எது தருமம்னு அந்தச் சட்டமே ஒரு பட்டியல் வச்சிருக்கு. ஏழைக்கு உதவுறது, படிப்பு, வைத்தியம், சுற்றுச்சூழல், பழைய சின்னங்களைக் காப்பாத்துறதுன்னு போகும். பத்து வருஷத்துக்கு முந்தி யோகாவையும் அதுல சேத்துட்டாங்க. உன் அத்தை நாப்பது வருஷமா விடியக்காலம் எந்திரிச்சுக் குனிஞ்சு நிமிந்து வாசல் தெளிக்கிறா, அதைச் சேக்கல.

அப்புறம் ஒரு விஷயம், இதை மட்டும் நல்லாக் காதுல வாங்கிக்க. பணமாக் குடுத்தாத்தான் கணக்கு. பொருளாக் குடுத்தா ஒண்ணுமில்ல. கர்ணன் இன்னைக்கு ரிட்டர்ன் போடுறான்னு வையி. கவச குண்டலத்துக்கு ஒரு பைசா கழிவு கிடைக்காது. பொருளாக் குடுத்துட்டான், ரசீது வாங்கல, போதாததுக்கு வாங்க வந்தவன் மாறுவேஷத்துல வந்தான். பேரே பொய்யி, பான் நம்பர் எங்கேர்ந்து வரும்?

சிரிக்கிற. 2018 நவம்பர் 16 விடியக்காலம் இந்தத் திண்ணையில நின்னுக்கிட்டு நான் சிரிக்கல மாப்ளே. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, விடியறதுக்குள்ள நம்மளைத் தொடச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. நீ அப்ப சென்னையில இருந்தே. உங்க அப்பாரு தோப்புல தென்னை ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு, சுடுகாட்டுல வெறகு அடுக்குன மாதிரி. கரண்டு இல்ல, தண்ணி இல்ல. மூணாம் நாளு ஒரு வேன் வந்துச்சு. அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய், கொசுவத்தி, பொம்பளப் புள்ளைங்களுக்கு வேணுங்கிற சாமான்னு தெரிஞ்சு கொண்டாந்திருந்தாங்க. இறக்கி வச்ச பையன்ல ஒருத்தனுக்கு உன் வயசு இருக்கும். ராத்திரி பூரா விழுந்த மரத்தை வெட்டி வெட்டி வழி பண்ணிக்கிட்டு வந்தானுவ. எந்த ஊருன்னு கேட்டேன். சொன்னான், இப்ப மறந்துபோச்சு. பேரைக் கேக்கத் தோணல. நாப்பது வருஷமா மொய் எழுதுன கை, அன்னைக்கு அந்தப் பய பேரை ஒரு தாள்ல எழுதி வைக்கல. அந்த வேன்ல வந்தது அத்தனையும் 80ஜி கணக்குல சுழியம்.

2024ல வயநாட்டுல மண் சரிஞ்சப்போ திண்டுக்கல்ல ஒரு பிரியாணிக் கடைக்காரர் மொய் விருந்து வச்சாரு. சாப்பிட்டவங்க இஷ்டப்பட்டதைப் போட்டுட்டுப் போனாங்க, வசூல் நிவாரணத்துக்கு. நம்ம ஊரு மொய்யை அம்புட்டு தூரம் கொண்டுபோயி அப்படித் திருப்பிப் போட்டதைக் கேட்டு, மொய் எழுதுறவன் எனக்கே காலரைத் தூக்கி விட்டுக்கலாம்னு தோணுச்சு. துண்டுக்குக் காலர் இல்ல, அதான் சங்கடம்.

ரசீதே வேணாம்னு நான் சொல்லல. ரசீது நம்மளுக்குப் புதுசா? தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போயிருப்பே, செல்பி எடுத்துட்டு வந்திருப்பே. அடிச்சுவத்தைப் பாத்தியா? தான் குடுத்தது, அக்கா குந்தவை குடுத்தது, பெண்டாட்டிமாருங்க குடுத்தது, மத்தவங்க குடுத்ததுன்னு ஒண்ணு விடாமக் கல்லுல வெட்டச் சொல்லியிருக்கான் ராஜராஜன். பொன்னு எத்தனை கழஞ்சு, முத்து எத்தனை, எடை எவ்வளவுங்கிற வரைக்கும் இருக்கு. 10பிஇ-யைத் தாள்ல குடுத்தா கரையான் அரிச்சுரும்னு ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே தெரிஞ்சு வச்சிருந்திருக்கான். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கிட்ட இடையன் நாளுக்கு ஒரு உழக்கு நெய் அளக்கணும். அந்த ஆட்டுக்குப் பேரே சாவா மூவாப் பேராடு. செத்தாலும் கிழடு தட்டுனாலும் எண்ணிக்கை மட்டும் கொறையக் கூடாது. சந்திரரும் சூரியரும் உள்ளவரைக்கும்னு வெட்டியிருக்கும். இப்ப 80ஜி அனுமதிக்கு ஆயுசு அஞ்சு வருஷம். அதுக்குப் பெறகு அறக்கட்டளைக்காரன் புதுப்பிக்கணும், மறந்தான்னா உன் ரசீது வெத்துத் தாளு.

கோயிலுக்கு விட்ட நிலத்துக்கு வரி கிடையாதுன்னும் வெட்டியிருக்கான் மாப்ளே. இறையிலின்னு பேரு. இறைன்னா வரி. இறைன்னா சாமியும்தான். சாமிக்குக் குடுத்தா சர்க்காருக்கு இல்லேன்னு ஒரே சொல்லுல ரெண்டு பேரையும் உக்கார வச்சான் தமிழன். அந்த வரிவிலக்கு நிலத்துக்கு இருந்துச்சு. குடுத்தவனுக்கு இவ்வளவு திரும்பும்னு சொன்னது, எனக்குத் தெரிஞ்சு, உங்க ஆபீஸ் கிளி ஜோசியக்காரன்தான்.

இன்னொரு வகைப் பயலுவ இருக்கானுவ. ஜாக்கிரதையா இரு. போன் பண்ணுவான். "சார், எங்க டிரஸ்டுக்கு பேங்க் வழியா ஒரு லட்சம் போடுங்க, கமிஷன் எடுத்துக்கிட்டு மீதியை ரொக்கமாக் கையில குடுத்துடறோம், ரசீது ஒரு லட்சத்துக்கு"ம்பான். கட்சிக்குக் குடுக்குறதுக்கும் முழுக் கழிவுன்னு வேற ஒரு பிரிவு இருக்கு. அதுல, தேர்தல்ல ஒரு வார்டுல கூட நின்னு பாக்காத கட்சியெல்லாம் திடீர்னு கோடிக்கணக்குல நன்கொடை காட்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். இவனுவ வழிப் பிள்ளையார்கிட்டயே தேங்காயைத் திருப்பி வாங்கிக்கிறானுவ. 2025 ஜூலை 14ந்தேதி நாடு பூரா 150 எடத்துல வரித்துறை புகுந்துச்சு. தமிழ்நாடும் அதுல உண்டு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல, எச்சரிக்கைச் செய்தி போனதுமே, சுமார் 40,000 பேரு 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவைத் தாங்களாவே வாபஸ் வாங்கிட்டாங்கன்னு துறையே சொல்லுச்சு. வாங்காதவன் கதி? பொய்யாக் கணக்குக் காட்டி ஏய்ச்ச வரி 7,800ன்னா, அந்த வரியும் கட்டி, வட்டியும் கட்டி, மேல ரெண்டு மடங்கு 15,600 அபராதமும் கட்டணும். அதுக்கெல்லாம் அய்யனார் ஜாமீன் வரமாட்டாரு.

இதுல இன்னொரு கூத்து, 2026 ஏப்ரல் 1லேர்ந்து சட்டமே புதுசு. 1961க்குப் பதிலா 2025ம் வருஷச் சட்டம். பிரிவு நம்பரெல்லாம் மாறுது. நான் பெஞ்சுல உக்காந்து 80ஜியை மனப்பாடம் பண்ணி முடிச்சேன், அவன் பேரை மாத்திட்டான்.

என்ன மாப்ளே, மூஞ்சி சுண்டிப் போச்சு? குடுக்குறதா வேணாமான்னு யோசிக்கிறியா? யோசி. 7,800 ரூபாய் வராதுன்னு தெரிஞ்ச பெறகும் 50,000 குடுக்கணும்னு தோணுதான்னு உள்ளுக்குள்ள கேட்டுப் பாரு. தோணலேன்னா நல்லது, காரை எடு, உங்க ஆத்தாளைப் பாத்துட்டுப் போ. குதிரைக்கு நாங்க சுண்ணாம்பு அடிச்சுக்குறோம்.

தோணுதா? நெசமாவா? அடியே, அந்தக் கோழியை விடாதே, பிடி!

சரி, எப்படிக் குடுக்குறது? கமிட்டிக்கு பேங்க் கணக்கு இருக்கு. ஆனா எடுக்கணும்னா அந்தச் சிங்கப்பூர்க்காரர் கையெழுத்து வேணும், அவரு முன்கூட்டிப் போட்டு வச்ச நூறு தாள்ல செக்கு ஒண்ணும் இல்ல. அதனால என் கணக்குக்கே அனுப்பு, நான் எடுத்துக் கட்டிடுறேன். ஏன் அப்படிப் பாக்குற? மொய் நோட்டுல எழுதித் தாரேன்டா. ஒரு விஷயத்துல மட்டும் சாக்கிரதையா இருக்கணும். அதையும் அந்தப் பெஞ்சுலதான் கேட்டேன். நான் உனக்கு எத்தனை லட்சம் குடுத்தாலும் உனக்கு வரி கிடையாது, ஏன்னா தாய்மாமன் உனக்குச் சட்டப்படி சொந்தம். ஆனா நீ எனக்குக் குடுத்தா, அக்கா மவன் எனக்குச் சொந்தம் இல்ல. சட்டத்துல உள்ள சொந்தக்காரப் பட்டியல்ல அந்த வரி விட்டுப்போச்சு. யாரோ ஒருத்தன் குடுத்த மாதிரிதான். உன் காதுகுத்துக்கு என் மடியில உக்கார வச்சதுக்கு எந்தப் பிரிவுலயும் மதிப்பு இல்ல. கல்யாணத்துக்கு வர்ற மொய்க்கு வரி இல்ல, அது இருக்கு. ஆனா இந்த வயசுல எனக்குக் கல்யாணம்னு சொன்னா உன் அத்தை கோழியோட என்னையும் சேத்து அறுத்துருவா.

அதனால அம்பதாயிரம், அம்பதாயிரமாவே அனுப்பு. மொய் பழக்கத்துல ஒத்த ரூபாயைச் சேத்து 50,001ன்னு போட்டுடாதே மாப்ளே. அந்த ஒரு ரூபாய்க்காக, வந்தது மொத்தத்தையும் என் வருமானத்துல எழுதச் சொல்லிருவான்.